மொறிஸ் மைனர்: திரும்பி வராத கார்



கார்க் கொம்பனிகள் இன்னும் செய்யாத எந்தக் காரைச் செய்து தரச் சொல்லிக் கேட்பீர்கள் என்று எங்கள் நிகழ்ச்சி ஒன்றில் நேயர்களிடம் கேட்டோம். இளையவர்கள் மின்சாரத்தில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும், “தம்பி, பழைய மொறிஸ் மைனரை அப்படியே புதிசாய்ச் செய்து தரச் சொல்லுங்கோ” என்றார். கலையகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது அவர் ஒருவருடைய ஆசை மட்டுமல்ல. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் இலங்கைக்கும் பங்கு உண்டு.

மொறிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் லண்டன் கார்க் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1922 இல் துருக்கியின் ஸ்மேர்னா நகரத்திலிருந்து இடம்பெயர்ந்து இங்கிலாந்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. பின்னர் 1959 இல் மினி காரைத் தந்தவரும் இவர்தான். மாதிரிக் கார் ஒடுக்கமாய் இருக்கிறதென்று அதை நடுவில் வெட்டி நாலு அங்குலம் அகட்டினார். முன்பே செய்து வைத்திருந்த பம்பர்களையும் வெட்டி, இடையில் துண்டு வைத்துப் பொருத்த வேண்டி வந்தது. கொம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அந்த உருவம் பிடிக்கவில்லை. கொதிநீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை போல இருக்கிறது என்றாராம். ஆனால் பத்து லட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். 1971 இல் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ பதினாறு லட்சம் கார்கள் வெளிவந்திருந்தன.

அவற்றில் பல இலங்கைக்கு வந்தன. ஆசிரியர், டாக்குத்தர், அப்புக்காத்து என்று யாழ்ப்பாணத்தில் சம்பளம் எடுத்தவர்களின் வீட்டு வாசலில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ போட்டி, கேம்பிறிட்ஜ் நின்றன. 1960 களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு இன்னும் கடுமை. புதுக் கார் வராத நாட்டில் பழையதைப் பழுது பார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எங்கள் கராஜ்காரருக்குக் கை பழகியது அந்தக் காலத்தில்தான். 1977 க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பான் கார்கள் வந்தபோதும், இந்தக் கிழட்டுக் கார்கள் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன.

1990 யூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றறி, சீமெந்து எல்லாம் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது என்பதை எங்கள் நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் கைகொடுத்தவை பழைய கார்கள்தான்.

காரணம் எளியது. அந்த எஞ்சின்களில் அழுத்தம் குறைவு. தரம் குறைந்த எரிபொருளையும் ஓரளவு தாங்கும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை வரும், இடி இடிக்கும், எஞ்சின் எண்ணெய் சீக்கிரம் கெடும். ஆனாலும் ஓடும். என் சின்னம்மாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அப்படி ஓடிய ஒரு மொறிஸ் மைனர். வாசலில் நின்றபோதும் சாரதி எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப எழுப்பப் பெற்றோல் வேண்டும். அவரிடம் இருந்தது ஒரு சின்னப் போத்தலில் அடிமட்டம் மட்டும்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் வெறுமையானபோது, நாவற்குழிப் பக்கம் நகர்ந்த சனத்துக்கிடையில் இப்படியான கார்கள் சிலவும் ஊர்ந்தன. பெரும்பாலானோர் நடந்தும் சைக்கிளை உருட்டிக்கொண்டும் போனார்கள்.

இதே காலத்தில் தீவின் மறுபக்கத்தில் வேறொரு கதை நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் நிலையத்தை நடத்தியவர் சார்ள்ஸ் வெயர். ஒரு காரை எறியாமல் திருத்தித் திருத்தி ஆயுள் முழுக்க வைத்திருப்பதே லாபம் என்று 1982 இல் ஒரு புத்தகமும் எழுதியவர். அவர் 1991 இல் இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து, மொறிஸ் மைனரின் உடல் தகடுகளைச் செய்யும் தொழிலகத்தை இலங்கையில் தொடங்கினார். அங்கே செய்த தகடுகள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. முழுக் காரையே மீண்டும் கட்டவேண்டும் என்பது ரசிகர்களின் கனவு. ஒரே தீவில், தெற்கே அந்தக் காருக்குப் புதுத் தகடு. வடக்கே அதே காருக்குப் பெற்றோல் இல்லை.

முழுக் கார் ஏன் வரவில்லை? கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு கதவை அழுத்தி எடுக்கும் அச்சுக்கே பெருந்தொகை வேண்டும். அந்தச் செலவை லட்சக்கணக்கான கார்களில் பகிர்ந்தால்தான் கட்டுப்படியாகும். கைத்தொழிலாகத் தகடு செய்ய அவ்வளவு முதல் தேவையில்லை. தகட்டை மாற்றினாலும் கார் பழைய கார்தான். புதிதாக ஒரு காரைச் செய்தாலோ இன்றைய பாதுகாப்பு, புகைச் சட்டங்கள் எல்லாவற்றையும் நிறைவேற்ற வேண்டும். ரசிகர்கள் கேட்டு வந்த கார்களும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் 1994 இல் டிற்றொயிற்றில் காட்டிய மாதிரிக்குக் கிடைத்த வரவேற்பால் புதிய பீற்றில் உருவானது. 2001 இல் பி.எம்.டபிள்யூ புதிய மினியைத் தந்தது. இரண்டும் பழைய முகத்தோடு வந்த புதுக் கார்கள். ஒரு சாவியும் குறடும் வைத்துத் தெருவோரத்தில் திருத்த முடியாது.

நாங்கள் இருக்கும் பிஸ்கட்டவேக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. இன்று எடிசன் என்று அழைக்கப்படும் ஊரில், முதலாம் இலக்கப் பெருந்தெருவில், மொறிஸ் மைனர் பிறந்த அதே 1948 இல் ஃபோர்ட் ஆலை திறந்தது. மஸ்ராங் கார்கள் கட்டிய ஆலை. 2004 இல் மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் கடைகள்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். ஐந்து வருடம் பழைய வாகனங்களுக்கு மீண்டும் மவுசு. கராஜ்காரரின் அருமை ஊருக்கு இன்னொரு தடவை விளங்கியது.

அந்தப் பெரியவர் கேட்டது வெறும் இரும்பை அல்ல என்று நினைக்கிறேன். கடை பூட்டியிருந்தாலும், பாதை மறித்திருந்தாலும், அயலில் இருக்கும் ஒரு மனிதர் திருத்தி ஓடவைக்கக்கூடிய ஒன்றைக் கேட்டார். அதை எந்தக் கொம்பனியும் இன்று விற்பதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. வீட்டு அல்பத்தைத் திறந்து பாருங்கள். கலியாணப் படத்திலோ முற்றத்துப் படத்திலோ ஒரு கார் நிற்கும். அது யாருடையது, எப்படி ஓடியது, கடைசியில் எங்கே விடப்பட்டது என்று அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள். பதிலை எழுதி நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒலிபரப்புவோம்.