மணிமேடைக் கடிகாரமும் மடிக்கணினியும்: பழுது பார்த்தலின் கதை

நாகர்கோவிலின் நடுவில் நிற்கும் மணிமேடை 1893-ல் திறக்கப்பட்டது. அன்று இந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மன்னர் ஸ்ரீமூலம் திருநாள். மணிமேடைக் கடிகாரம் பல்சக்கரங்களால் ஆனது. ஒரு சக்கரம் தேய்ந்தால் கழற்றலாம், அதே அளவில் வேறொன்று செய்து மாட்டலாம். நூறு வருஷம் தாண்டிய இயந்திரத்தின் ஆயுள் ரகசியம் இவ்வளவுதான்: அதைத் திறந்து பார்க்க முடிந்தது.

இன்று அதே ஊரில் ஒரு லேப்டாப் நாலு வருஷத்தில் நின்றுபோனால் பல நேரம் கிடைக்கும் பதில், "போர்டு போச்சு, புதுசு வாங்கிருங்க!" இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது?

திறந்த புத்தகம்

1981 ஆகஸ்ட் 12-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதற்கான தொழில்நுட்பக் கையேட்டில் சர்க்யூட் படங்களும், பயாஸ் நிரலும்கூட அச்சடிக்கப்பட்டிருந்தன. அதைப் படித்துப் புரிந்துகொண்ட மற்ற நிறுவனங்கள் அதே மாதிரியான கணினிகளையும் உதிரிபாகங்களையும் செய்யத் தொடங்கின. யார் செய்த ரேமும் யார் செய்த போர்டிலும் பொருந்தும் என்ற நிலை மெல்ல வந்தது.

திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் ரயில் பாதை இணைந்ததும் அதே 1981-ல்தான். 1991-க்குப் பிறகு இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்கள் குவிந்தன. அங்கிருந்து சுமார் 700 கி.மீ. தள்ளி இருக்கும் குமரி மாவட்டத்திலும் 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர் வீடுகளுக்குள் வந்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், எந்தப் பாகத்தையும் கழற்றி மாற்றலாம்.

ரப்பர் வைத்தியம்

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. பக்கத்திலேயே கடல். காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் உலோகத் தொடர்புகளில் அழுக்குப் படியும். ரேமின் விளிம்பில் இருக்கும் மஞ்சள் நிறத் தகடுகளும் தப்பாது. மின்சாரம் சரியாகப் பாயாது. ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வராது, பீப் சத்தம் மட்டும் கேட்கும்.

அதற்கு வைத்தியம் பள்ளிக்கூடப் பையிலேயே இருந்தது: பென்சில் அழிக்கும் ரப்பர்! பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அந்தத் தகடுகளை ரப்பரால் மெல்லத் துடைத்து, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினால் பல கணினிகள் உயிர்பெற்றுவிடும். ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருஷத்துக்கே ஓடினால் போர்டில் இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இடியும் ஒரு எதிரி. டயல்-அப் காலத்தில் மோடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக மின்னலின் தாக்கம் வந்துவிடும். மானம் இருட்டினால் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, போன் வயரையும் பிடுங்க வேண்டும் என்பது பல வீடுகள் ஒரு மோடத்தைப் பலிகொடுத்துக் கற்ற பாடம்.

மூன்று கண்டங்கள்

முதலாவது 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.ஹெச். வைரஸ் அன்று உலகம் முழுக்க வேலையைக் காட்டியது. ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில போர்டுகளில் பயாஸையும் அழித்தது. மென்பொருள் ஒன்று வன்பொருளைச் செயலிழக்க வைக்கும் என்பதைப் பலர் அன்றுதான் நம்பினார்கள். பயாஸ் சிப்பை மாற்றியோ, திரும்ப எழுதியோதான் அந்தப் போர்டுகளை மீட்க முடிந்தது.

இரண்டாவது கெப்பாசிட்டர். 2000-களின் தொடக்கத்தில் பல போர்டுகளில் தரமற்ற எலெக்ட்ரோலைட் கொண்ட கெப்பாசிட்டர்கள் உப்பி, வெடித்து, கசிந்தன. டெல் நிறுவனம் இதற்காக 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. இங்கே கைகொடுத்தது பழைய டிவி, ரேடியோ மெக்கானிக்கின் சால்டரிங் அயர்ன். அதே மைக்ரோஃபாரட், குறையாத வோல்டேஜ், 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர் என்று பார்த்து மாற்றினால் சில ரூபாய்ச் செலவில் போர்டு பிழைத்தது.

மூன்றாவது 2003 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர். இணையத்தில் இணைந்த கொஞ்ச நேரத்தில் '60 விநாடியில் கணினி அணையும்' என்று அறிவிப்பு வரும். மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே தடுப்பு வெளியிட்டிருந்தது. ஆனால் டயல்-அப்பில் அதை இறக்க 60 விநாடி எங்கே போதும்? ரன் பெட்டியில் அணைப்பை ரத்து செய்யும் கட்டளையைத் தட்டி நேரம் வாங்கியவர்கள் தப்பித்தார்கள்.

மூன்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. பழுது பெரிது, மருந்து சிறிது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரு ஆள் ஊரில் இருந்தால் போதும்.

2011: இரண்டு பாதைகள்

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில வருஷங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. மீன்பிடிக் கிராமங்களிலும் ரப்பர் தோட்டத்து வீடுகளிலும் பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கணினி. 2012-ல் மணிக்கணக்கில் மின்வெட்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்து மாவட்டத்தையே பல நாள் இருட்டில் தள்ளியது. பேட்டரிகள் என்ன பாடுபட்டிருக்கும்! மெத்தை மேல் வைத்து ஓட்டியதில் காற்று போகாமல் சூடாகி நின்றவை எத்தனை! அந்தத் தலைமுறை லேப்டாப்புகள் பலவற்றில் பேட்டரி, ரேம், ஹார்ட் டிஸ்க் மூன்றையும் கழற்ற முடிந்தது. விசிறியின் தூசியைத் தட்டி, பிராசசருக்குப் புது தெர்மல் பேஸ்ட் தடவினால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும்.

அதே 2011-ல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்ற மெல்லிய லேப்டாப்பை அறிவித்தது. மெலிய வைக்க ரேமைப் போர்டிலேயே பற்றவைத்தார்கள். பேட்டரி உள்ளே போய்விட்டது. இனி ரப்பருக்கு வேலை இல்லை, ஏனென்றால் கழற்ற ரேமே இல்லை! ஒரு சிப் கெட்டால் போர்டையே மாற்ற வேண்டும். போர்டின் விலையோ புது லேப்டாப்பின் விலைக்குப் பக்கத்தில் நிற்கும்.

கைமாறும் உரிமை

இதை எதிர்த்துப் 'பழுது பார்க்கும் உரிமை' என்ற குரல் உலகெங்கும் எழுந்தது. இந்திய அரசும் 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்து, டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கியது. ஆனால் வேறொரு பக்கமிருந்தும் கதவு சாத்தப்படுகிறது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இல்லாத கணினிகள், நன்றாக ஓடினாலும் பழசு என்று ஒதுக்கப்படுகின்றன. லினக்ஸ் போட்டால் அவற்றில் பல இன்னும் ஓடும் என்பது வேறு விஷயம். மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

பணம் இருப்பவருக்குப் பழுது என்பது ஒரு தொந்தரவு மட்டும்தான். வீட்டில் ஒரே ஒரு கணினி இருப்பவருக்கு அது படிப்பு நிற்பது. மணிமேடைக் கடிகாரத்தைச் செய்தவர்கள் அது என்றாவது கெடும் என்று தெரிந்தே, கழற்றும்படி செய்தார்கள். 1981-ன் கணினியும் அப்படித்தான் வந்தது. அந்தப் பழக்கத்தைத் தயாரிப்பவர்கள் மறந்தாலும், லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "இதுல ரேம் கழட்ட முடியுமா?"