அடுப்புக்காரர் கட்டிய அரண்மனை

பாரீசில் சமூகவியல் படிக்கும் என் பேத்தி போன டிசம்பரில் வந்திருந்தபோது, தடித்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, "தாத்தா, படிச்சுப் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லிப் போனாள். எரிக் ஒலின் ரைட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதியது. 2019-இல் காலமானவர். முதலாளித்துவத்துக்கு மாற்று உண்டா என்ற பழைய கேள்விதான் பொருள். ஆனால் அவர் புரட்சி வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே வேறு மாதிரி நடத்திக் காட்டியவர்களைப் போய்ப் பாருங்கள் என்கிறார். ஸ்பெயினில் தொழிலாளர்களே சொந்தமாக வைத்திருக்கும் மொந்திராகோன் ஆலைகள், மக்களே வரவு செலவுத் திட்டம் போட்ட பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரம் என்று உதாரணம் காட்டுகிறார். ஒவ்வொன்றையும் பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டுமாம். இது விரும்பத்தக்கதா? தாக்குப்பிடிக்குமா? இப்போது இருக்கும் இடத்திலிருந்து அங்கே போய்ச் சேர வழி உண்டா?

படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வட பிரான்சில் உள்ள குயீஸ் என்ற சின்ன ஊர் நினைவுக்கு வந்தது. காரணம் ஒரு அடுப்பு. எங்கள் வாசகப் பாடப்புத்தகத்தில் பனிக்கால வீட்டுப் படம் ஒன்று இருக்கும். நடுவில் வார்ப்பிரும்புக் கணப்பு அடுப்பு, அதைச் சுற்றிக் குழந்தைகள். புதுச்சேரியின் மே மாத வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, அந்த அடுப்பின் பெயரை நாங்கள் உரக்கச் சொல்லிப் பழகினோம். அந்த மாதிரி அடுப்புகளை வார்த்துப் பெரும் பணக்காரர் ஆனவர்தான் ழான் பத்தீஸ்த் அந்த்ரே கொதேன் என்பது பின்னாளில் தெரிந்தது.

1817-இல் பிறந்தவர். அப்பா பூட்டு வேலை செய்பவர். பையனும் பதினோரு வயதில் பட்டறைக்குப் போய்விட்டார். தகரத்தில் செய்த அடுப்பை வார்ப்பிரும்பில் செய்தால் சூடு நன்றாக நிற்கும் என்று கண்டுபிடித்து 1840-இல் காப்புரிமை வாங்கினார். 1846-இல் குயீசில் ஆலை போட்டார். இடையில் ஷார்ல் ஃபூரியே எழுதியதைப் படித்து மனசு மாறிப்போனது. ஃபூரியேயைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரத்து அறுநூறு பேர் ஒரே பெரிய மாளிகையில் கூடி வாழ்ந்து, பிடித்த வேலையை மாற்றி மாற்றிச் செய்தால் உலகம் சரியாகிவிடும் என்று எழுதியவர் அவர். கடல் நீர் எலுமிச்சைச் சாறு மாதிரி ஆகிவிடும் என்றும் எழுதியவர்! நல்ல வேளை, கொதேன் கடலை விட்டுவிட்டு மாளிகையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

முதலில் சூடும் பட்டார். 1850-களில் ஃபூரியே சீடர்கள் அமெரிக்காவில் டெக்சாசுக்குப் போய்க் குடியேற்றம் அமைத்தார்கள். கொதேன் தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அதில் போட்டார். சில வருஷத்தில் எல்லாம் கலைந்துபோயிற்று. அதற்குப் பிறகு, தூர தேசம் வேண்டாம், நம் ஆலைக்கு எதிரிலேயே கட்டுவோம் என்று 1859-இல் ஆரம்பித்தார். அதன் பெயர் ஃபமிலிஸ்தேர்.

நான் அங்கே போனதில்லை. படங்களில் பார்த்து வியந்ததுதான். நாலு பக்கமும் அடுக்கு வீடுகள், நடுவே பெரிய முற்றம், அதன்மேல் கண்ணாடிக் கூரை. மழையிலும் பனியிலும் பிள்ளைகள் முற்றத்தில் ஓடி விளையாடலாம். ஒவ்வொரு தளத்திலும் தண்ணீர்க் குழாய், குப்பை போட ஒரு துவாரம். துணி துவைக்கும் கூடத்தோடு நீச்சல் குளம், அதுவும் ஆலையிலிருந்து வரும் வெந்நீரில். சின்னப் பிள்ளைகளுக்காகக் குளத்தின் அடித்தளத்தை உயர்த்தித் தாழ்த்தலாம். நாடக அரங்கு, மலிவு விலைக் கடைகள், நோய்க்கும் முதுமைக்கும் உதவும் நிதி. பிரான்ஸ் அரசு 1881, 82-இல் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் கொண்டுவருவதற்கு முன்பே ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிக்கூடம். பணக்காரனிடம் இருப்பதைத் தொழிலாளிக்குத் தனித்தனியாக வாங்கித்தர முடியாது, ஆனால் அதற்கு ஈடானதைச் சேர்ந்து அனுபவிக்கத் தரலாம் என்பது அவர் கணக்கு. ஊர் வியாபாரிகளுக்கு அவரைப் பிடிக்காது. சோஷலிஸ்டுகளில் பலருக்கும் பிடிக்காது, முதலாளியின் தர்மம் என்றார்கள்.

1880-இல் அவர் செய்ததுதான் பெரிய காரியம். ஆலையையும் மாளிகையையும் ஒரு சங்கத்தின் பெயரில் எழுதினார். லாபத்தில் தொழிலாளிக்கு வரும் பங்கை ரொக்கமாகத் தராமல் பங்குப் பத்திரமாகத் தருவது, அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக முதலாளியின் முதலைத் தொழிலாளிகள் விலைக்கு வாங்கிவிடுவது என்று ஏற்பாடு. 1888-இல் அவர் இறந்தார், சில ஆண்டுகளில் முழுச் சொத்தும் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. ரைட்டின் மூன்று கேள்விக்கும் இங்கே ஆம் என்று எழுதிவிடலாம் போல இருக்கிறது.

எனக்குத் தடுக்கியது உறுப்பினர் விதிகளைப் பார்த்தபோதுதான். குமாஸ்தா புத்தி, துணை விதியைத்தான் முதலில் தேடும். எல்லாரும் சமமில்லை. மேல்படியில் இருந்தவருக்கு லாபம் பிரிக்கும்போது சம்பளம் இரண்டு மடங்காகக் கணக்காகும். அந்தப் படிக்கு ஏற, ஐந்து வருஷமாவது மாளிகையில் குடியிருந்திருக்க வேண்டும், 500 ஃபிராங்குக்குப் பங்கு இருக்க வேண்டும், சபை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். மாளிகையிலோ சுமார் ஐந்நூறு வீடுகள். கொதேனுக்குப் பிறகு குயீசில் புதிதாக வீட்டுக் கட்டடம் எழவில்லை. 1914 போரில் எரிந்த பகுதியைத்தான் திரும்பக் கட்டினார்கள். வீடு காலியானால் உள்ளே இருந்தவர்களின் பிள்ளைகளுக்குப் போயிற்று. வெளியே குடியிருந்து அதே உலையில் வார்த்தவர்கள் துணைத் தொழிலாளி என்ற பெயரிலேயே காலம் கழித்தார்கள். கதவை வெளியிலிருந்து எந்த முதலாளியும் வந்து அடைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் புத்தகத்தைத் தொடவில்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் அலுவலக ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துக்கு நான் செயலாளர். வட்டிக்காரனிடம் போகாமல் எத்தனையோ கல்யாணம் நடத்திக் கொடுத்த சங்கம், எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. பத்து வருஷமாகக் கோப்பு தூக்கிக்கொண்டிருந்த தினக்கூலி ஒருவர் ஒரு நாள் மேசைக்கு எதிரில் வந்து நின்றார். "சார், மாசா மாசம் நானும் பணம் கட்டிடறேன், என்னையும் சேத்துக்கக் கூடாதா?" என்றார். விதியில் நிரந்தர ஊழியர் என்றுதான் இருந்தது. விதியைத் திருத்த மகாசபையில் ஒரு தீர்மானமும் வந்தது. வசூல் நின்றால் யார் பொறுப்பு, நமக்கு வரும் பங்கு ஈவு குறையுமே என்று எழுந்து பேசியவன் நான்தான். தீர்மானம் தோற்றது. அவர் அதற்குப் பிறகும் எனக்குத் தேநீர் வாங்கி வந்து வைப்பார். என் மகள் கல்யாணத்துக்கு அந்தச் சங்கத்தில்தான் கடன் வாங்கினேன். அவர் மகள் கல்யாணத்துக்கு எங்கே வாங்கினார் என்று நான் கேட்கவேயில்லை.

குயீசுக்குத் திரும்புவோம். எண்ணெயும் எரிவாயுவும் வந்தபின் நிலக்கரி அடுப்பு வியாபாரம் படுத்தது. 1968 ஜூனில் சங்கம் கலைக்கப்பட்டு ஆலை சாதாரணக் கம்பெனி ஆயிற்று. நம் பக்கத்து ஆரோவில் தொடங்கியது அதே வருஷம் பிப்ரவரியில், மற்றபடி இரண்டுக்கும் தொடர்பில்லை. எண்பத்தெட்டு வருஷம் என்பது ஒரு கம்பெனிக்குக் குறைந்த ஆயுள் இல்லை என்று பேத்தி போனில் வாதாடுகிறாள். கொதேன் பெயரில் இன்றும் அடுப்பு வருகிறது, மாளிகையில் அருங்காட்சியகம் இருக்கிறது, ஜூலையில் போகப்போகிறாளாம். கண்ணாடி முற்றத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றாள். தெருவில் துணைத் தொழிலாளிகள் இருந்த வீடு ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.