அப்பாவின் அஷ்டமியும் சோழிக் கணக்கும்



போன வருஷம் எங்கள் அப்பாவின் திதியை நானும் தம்பியும் வேறு வேறு நாளில் கொடுத்தோம். தேய்பிறை அஷ்டமி. தஞ்சாவூரில் நான் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம். சென்னையில் அவன் பார்ப்பது திருக்கணிதம். போனில் வார்த்தை தடித்துப்போய் மூன்று மாதம் பேச்சே இல்லை. "கணக்கு வாத்தியார்தானே, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க அண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டான். கோபம் ஆறியதும் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1825இல் ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, கையில் ஏடு எதுவும் இல்லாமல், அந்த வருஷம் மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். அட்டவணை முழுவதும் அவர் நாவில் இருந்தது. கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமே பிசகு. முடிவில் 52 நிமிடம்.

அந்த அட்டவணைதான் வாக்கியம். நிலவின் வேகம் கூடிக் குறைவது 248 நாளில் 9 சுற்று முடிந்து, கிட்டத்தட்டப் பழையபடி திரும்பும். அதனால் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். எண்களை எழுத்தாக்கி மனப்பாடம் செய்தார்கள். 248க்குப் பெயர் 'தேவரம்'. (நாம் கோயிலில் பாடும் தேவாரம் இல்லை!) தே 8, வ 4, ர 2, கடைசியிலிருந்து படித்தால் 248.

ஆனால் 248 நாள் சரியாகப் பொருந்தாது; ஒவ்வொரு தடவையும் 13 நிமிடம் போல மிஞ்சும். அதைத் திருத்த 3031 நாள், 12372 நாள் என்று பெரிய சுற்றுகள் வைத்தார்கள். தொடக்க நாளிலிருந்து 1,00,000 நாள் ஆகிவிட்டது என்று வையுங்கள். 12372ஐ எட்டு முறை கழித்தால் மீதி 1024. அதில் 3031 போகாது. 248ஐ நான்கு முறை கழித்தால் மீதி 32. ஆக, 32ஆம் வாக்கியம். கழித்த ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய பாகையைக் கூட்ட வேண்டும். 248 நாளுக்கு அது ஏறத்தாழ 27 பாகை 44 கலை. பிறகு ஊருக்கு ஊர் மாறும் தேசாந்தரம், பகல் நீளத்துக்கான சரம் என்ற திருத்தங்கள். கப்பல் மாலுமி நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, நாட்டிகல் அல்மனாக்கில் பார்த்துக் கூட்டிக் கழிப்பதும் இதே வேலைதான்.

வாரனுக்கு முன்பே இந்தக் கணக்கைக் கண்டு வியந்தவர் லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சுக்காரர். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்தவர். 1761இல் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்திருந்ததால் கரையிறங்க முடியவில்லை. 1769இல் மேகம் மறைத்தது. இடையில் தமிழரிடம் பஞ்சாங்கக் கணக்கு கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது. மாயரின் மனைவிக்கு, அவர் இறந்தபின், ஆங்கில அரசு 3000 பவுன் கொடுத்ததும், 1767இலிருந்து நாட்டிகல் அல்மனாக்குக்கு நிலவின் இடத்தைத் தந்ததும் அந்த அட்டவணைதான்!

இதைப் படித்ததும் தம்பிக்குப் போன் போட்டு "பார்த்தியா?" என்று கேட்கத் தோன்றியது. நல்லவேளை, கேட்கவில்லை.

நிலவின் ஓட்டத்தில் பெரிய ஏற்றத்தாழ்வுகள் இரண்டு. வாக்கியத்தில் இருப்பது ஒன்றுதான். பௌர்ணமி, அமாவாசையில் அந்த ஒன்றே இரண்டுக்கும் ஈடுகொடுத்துவிடும். கிரகணம் அநேகமாகப் பொருந்தும். அஷ்டமியில் கைவிடும். 2 பாகைக்கு மேலும் பிசகலாம்; திதி முடியும் நேரத்தில் அது நான்கைந்து மணி நேரம். மாயர் அதற்கும் திருத்தம் வைத்திருந்தார். நம்மவர்களிலும் மஞ்ஜுளர் 10ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார். வாக்கியத்தில் அது ஏறவில்லை. கிரகணம் தப்பினால் ஊரே பார்க்கும். அஷ்டமி முடிவதை யார் பார்த்தார்கள்? கண் பட்ட இடத்தில் கணக்கு திருந்தியது. படாத இடத்தில் அப்படியே நின்றது.

சனிப்பெயர்ச்சியும் இந்த வகைதான். 2020இல் திருக்கணிதப்படி ஜனவரி 24. திருநள்ளாற்றில் வாக்கியப்படி டிசம்பர் 27. பதினொரு மாத வித்தியாசம்.

சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் இதை உணர்ந்தவர். 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டவர். நாட்டிகல் அல்மனாக்கை வைத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். மரபை விட்டார் என்று நான் சொல்லமாட்டேன். 248 பிசகியபோது 3031ஐத் தேடியவர்கள் செய்ததைத்தான் அவரும் செய்தார்.

வகுப்பில் உங்களிடம் என்ன சொல்வேன்? "விடை வந்தால் போதாது, சரிபார்." நானே மறந்துவிட்டேன். கோயில் வழக்கம் கோயிலோடு இருக்கட்டும். வீட்டில் இந்த வருஷம் தம்பி சொல்லும் நாளுக்கே சென்னை போகிறேன். அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகளும் ஒரே இலைக்கு முன்னால் நிற்பதுதான் பிடிக்கும்.

தம்பி, இதையும் நீ படிப்பாய். டிக்கெட் போட்டாயிற்று.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்