செவிலியா, கொலையாளியா?

1880களில் பிரஷ்ய அரசுக்கு ஓர் ஆசை வந்தது. டிரஃபிள் என்று ஒரு காளான், மண்ணுக்கடியில் ஓக் மர வேர்களை ஒட்டி விளைவது. பெரிய வீட்டு விருந்துகளில் கொள்ளை விலைக்குப் போவது. அதை நாமே பயிரிட்டால் என்ன? பொறுப்பு பெர்லின் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்கிடம் வந்து சேர்ந்தது.

டிரஃபிள் வளர்க்கும் வித்தை அவருக்குக் கைகூடவில்லை. ஆனால் ஓக், பீச், ஹேசல் மரங்களின் வேர்களைத் தோண்டித் தோண்டிப் பார்த்தவர் கண்ணில் வேறொன்று பட்டது. நுனிவேர்களைப் பூஞ்சை இழைகள் உறை போட்டாற்போல மூடியிருந்தன. சீக்குப் பிடித்த மரத்தில் இருந்தால் சரி. நன்றாகத் தழைத்து நின்ற மரத்திலும் அதேதான்! 1885இல் இதற்கு அவர் 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். பூஞ்சைவேர் என்று பொருள். மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் எடுத்து மரத்துக்கு ஊட்டுகிற செவிலித்தாய் இந்தப் பூஞ்சை என்றும் சொன்னார்.

இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதி இது. அன்று பலர் இதை ஏற்கவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. 1840களில் உருளைக்கிழங்கு அழுகி அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். காரணம், அன்று பூஞ்சை என்று கருதப்பட்ட ஒரு நுண்ணுயிர். எதிர்த்தவர்களில் ஒருவரான ராபர்ட் ஹார்ட்டிக் சாதாரண ஆள் அல்ல. மரநோயியலின் தந்தை என்றே அவரைச் சொல்வார்கள். ஆர்மில்லேரியா என்ற காளான், ஷூ கயிறு போன்ற கறுப்பு இழைகளை மண்ணுக்குள் ஓட்டி மரங்களின் வேரைக் கொல்வதை 1870களில் விளக்கிக் காட்டியவர். வேரில் பூஞ்சையைக் கண்டால் அவர் கண்ணுக்குக் கொலையாளிதானே தெரிவான்?

ஃபிராங்க் வாதத்தோடு நிற்கவில்லை. காட்டு மண்ணில் பாதியைச் சூடாக்கிப் பூஞ்சைகளைக் கொன்றார். மீதியை அப்படியே விட்டார். இரண்டிலும் பைன் கன்றுகளை வளர்த்தார். பூஞ்சை இருந்த மண்ணில்தான் கன்றுகள் செழித்தன. 1950களில் ஸ்வீடனின் எலியாஸ் மெலின் கதிரியக்கத் தடயங்களைக் கொண்டு கணக்கையே காட்டிவிட்டார்: பூஞ்சை வழியே சத்து மரத்துக்குப் போகிறது, மரத்தின் சர்க்கரை பூஞ்சைக்கு வருகிறது.

சரி, செவிலிதான் வென்றாளா? அங்கேதான் சிக்கல்.

1899இல் ராணுவப் பணியில் இருந்த நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர், ஃபோன்டென்புளோ காட்டில் முளைவிட்டிருந்த ஆர்க்கிட் விதைகளைக் கண்டார். எல்லாவற்றுக்குள்ளும் பூஞ்சை புகுந்திருந்தது. தூசி போன்ற அந்த விதையில் சேமித்த உணவு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பூஞ்சை வந்தால்தான் முளைக்கும். ஆனால் ஆய்வகத்தில் சேர்த்து வளர்த்தபோது சில சமயம் பூஞ்சை முளையைத் தின்றது, சில சமயம் முளை பூஞ்சையை அழித்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு இழுபறி நிலைத்தால்தான் செடி. கூட்டுவாழ்வை நோய்க்குப் பக்கத்து வீடாகவே அவர் பார்த்தார். 1911இல், 36 வயதில் இறந்துபோனார்.

அவர் ஆர்க்கிட் வேரில் கண்ட பூஞ்சைகளை ரைசோக்டோனியா என்றார்கள். அதே பெயர் கொண்ட இன்னொன்றை நம்மூர் நெல் விவசாயிக்கு நன்றாகத் தெரியும்: இலையுறை கருகல் நோயைக் கொண்டுவருவது அதுதான்.

செடியும் ஒன்றும் அப்பாவி அல்ல. பச்சையமே இல்லாத மோனோட்ரோபாவின் வேர்ப் பூஞ்சை பக்கத்து மரங்களோடும் தொடர்புடையது என்று 1880களின் தொடக்கத்திலேயே போலந்துக்காரர் கமியென்ஸ்கி கருதினார். 1960இல் எரிக் பியோர்க்மன் மரத்தில் கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தினார். அது மோனோட்ரோபாவில் வந்து நின்றது. இங்கே திருடன் செடி. பூஞ்சை வெறும் குழாய்.

உதவும் பூஞ்சையும் எப்போதும் உதவுவதில்லை. பாஸ்பரஸ் நிறைந்த மண்ணில் எலுமிச்சை இனக் கன்றுகள் வேர்ப் பூஞ்சையால் வளர்ச்சி குன்றியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேண்டிய சத்து கையருகே கிடக்கும்போது பூஞ்சைக்குக் கொடுக்கும் சர்க்கரை தண்டச்செலவு. பூஞ்சை மாறவில்லை, மண்தான் மாறியது.

ஃபிராங்கும் ஹார்ட்டிக்கும் பூஞ்சையின் குணம் என்னவென்று சண்டை போட்டார்கள். குணம் அதனிடம் மட்டும் இல்லை. எந்தச் செடி, எந்த மண், எவ்வளவு பசி என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். வயலில் உரம் கொட்டும் முன்பும் அதே கேள்விதான்.