இயலும் என்னும் வாக்கு

விளையாட்டுக்கும் வரலாறு உண்டு. சதுரங்கத்தின் வரலாற்றை அறிஞர் பலர் எழுதியுள்ளனர். இந்நாளில் பிள்ளைகள் தொலைக்காட்சித் திரையின் முன் அமர்ந்து ஆடும் வீடியோ விளையாட்டும் வரலாறு எழுதத்தக்க வயதை எட்டிவிட்டது. அதில் ஓர் அத்தியாயத்தை மட்டும் இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றியவன் ஆதலின், இதனை நான் கற்றலின் கதையாகவே காண்கின்றேன்.

1985 செப்டம்பரில் ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ, 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா ஆகிய இருவரும் அதனை வகுத்தவர்களுள் முதன்மையானோர். மாரியோ என்னும் பிளம்பர் திரையின் இடப்புறத்திலிருந்து வலப்புறம் ஓட வேண்டும்; பள்ளங்களைத் தாண்ட வேண்டும்; எதிர்ப்படும் பகைவரை மிதித்து வெல்ல வேண்டும்; முடிவில் நிற்கும் கொடிக்கம்பத்தை அடைய வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடிக்கும் நேரத்திற்கேற்பத் தாவலின் உயரம் கூடும் அல்லது குறையும். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் ஆசிரிய முறையிலேயே அதன் முதற்கட்டம் அமைந்திருந்தது. மறு ஆண்டு, 1986இல், ஜப்பானில் வெளிவந்த அதன் தொடர்ச்சியோ மிகக் கடினமாய் இருந்தது. அதனால் அமெரிக்காவில் அப்போது வெளியிடப்படாமல், 1993இல்தான் வேறொரு தொகுப்பில் சேர்ந்து அந்நாட்டை அடைந்தது. அரிய கட்டத்தை விரும்பித் தேடும் ஆட்டக்காரர் கூட்டம் ஒன்று நாளடைவில் உலகெங்கும் தோன்றியது.

அக்கூட்டத்திற்கு 2015 செப்டம்பரில் ஒரு பெருவாய்ப்புக் கிட்டியது. அம்மாதம் வெளியான 'சூப்பர் மாரியோ மேக்கர்' என்னும் விளையாட்டில், ஆடுவோரே புதிய கட்டங்களை வகுத்து, இணையத்தின் வழியாக உலகோர் ஆடுமாறு அனுப்ப முடிந்தது. ஆனால் ஒரு விதி இருந்தது. கட்டத்தை அனுப்புமுன், வகுத்தவர் தாமே அதனை ஆடி முடித்துக் காட்ட வேண்டும். வினாத்தாளில் கணக்கைச் சேர்க்குமுன் ஆசிரியர் தாமே அதனைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பயிற்சிக் கல்லூரியில் வற்புறுத்துவர். இவ்விதியும் அதனை ஒத்ததே. 'இது மனிதரால் இயலும். நான் செய்தேன்' என்னும் வாக்கு, ஒவ்வொரு கட்டத்தோடும் சேர்ந்தே சென்றது.

கட்டத்தில் செய்யப்பட்ட முயற்சிகளுள் நூற்றுக்கு எத்தனை வெற்றி பெற்றன என்பதைத் திரையே காட்டியது. எவராலும் வெல்லப்படாத கட்டங்கள் சுழி விழுக்காடு எனக் குறிக்கப்பெற்றன. 2017இல் ஆட்டக்காரர் சிலர் கூடி, 'டீம் ஜீரோ பெர்சென்ட்' என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். வெல்லப்படாத கட்டம் ஒன்றுகூட எஞ்சியிருத்தல் கூடாது என்பதே அவர்தம் நோக்கம். புதிய கட்டங்களை அனுப்பும் வசதி 2021 மார்ச் 31இல் நிறுத்தப்பட்டது. இணையத் தொடர்பு முழுவதும் 2024 ஏப்ரல் தொடக்கத்தில் முடிவுறும் என்று 2023 அக்டோபரில் நிறுவனம் அறிவித்தது. அதன்பின் எவர் வென்றாலும் அவ்வெற்றி பதிவாகாது. தேர்வு நாள் குறிக்கப்பட்ட மாணவர் போல அவர்கள் விரைந்தனர்.

அவர்கள் பயின்ற முறையைச் சற்றே நோக்குவோம். இவ்விளையாட்டில் திரைப்படம் விநாடிக்கு 60 முறை மாறுகிறது. மிகக் கடினமான கட்டங்களில் பொத்தானை அந்த அறுபதில் ஒரு கூறு நேரத்திற்குள் அழுத்த வேண்டும். முந்தினாலும் வீழ்ச்சி, பிந்தினாலும் வீழ்ச்சி. அத்தகைய செயல்கள் பல அடுத்தடுத்து வரும். ஒன்று தவறினும் தொடக்கத்திற்கே திரும்ப வேண்டும். ஆகவே ஆட்டக்காரர்கள் கட்டத்தைத் தம் கருவியில் இறக்கிக்கொண்டு, பகுதி பகுதியாகப் பிரித்தனர். கடைசித் தாவலைத் தனியே பழகினர். அதன் முந்தியதைப் பழகினர். பிறகு இரண்டையும் இணைத்தனர். மனப்பாடச் செய்யுளை அடியடியாகப் பிரித்து, பின்னர்ச் சேர்த்துச் சொல்லப் பழக்குகிறோமே, அம்முறைதான் இது.

இவ்விடத்தில் பழைய ஆராய்ச்சி ஒன்று நினைவிற்கு வருகிறது. 1897லும் 1899லும் பிரையன், ஹார்ட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், தந்திக்குறிகளைக் கேட்டறியப் பழகுவோரின் முன்னேற்றத்தை அளந்து வெளியிட்டனர். கற்போர் முதலில் விரைந்து முன்னேறினர். பிறகு வாரக்கணக்கில் ஓரிடத்திலேயே நின்றனர். அதன்பின் மீண்டும் உயர்ந்தனர். அத்தேக்கக் காலத்தில் தனி எழுத்துகளைக் கேட்ட செவி, சொற்களை முழுமையாகக் கேட்கப் பழகுகிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம். இத்தேக்கம் எல்லார்க்கும் நேர்வதன்று எனப் பின்வந்தோர் மறுத்ததும் உண்டு. எனினும் முன்னேற்றம் நின்றுபோன மாணவனைக் கண்ட ஆசிரியர் எவரும் அந்நிலையை அறிவர். அந்த வறண்ட நாட்களில் மாணவனைத் தாங்கி நிறுத்துவது யாது? 'எனக்கு முன் ஒருவர் இதனைச் செய்திருக்கிறார்' என்னும் நம்பிக்கையே ஆகும்.

இனிக் கதையின் முடிவுக்கு வருவோம். 2024 மார்ச் நடுவில் இரண்டே கட்டங்கள் எஞ்சின. மார்ச் 15இல் 'தி லாஸ்ட் டான்ஸ்' என்பது வெல்லப்பட்டது. எஞ்சிய ஒன்று, 2017இல் அனுப்பப்பட்ட 'டிரிம்மிங் தி ஹெர்ப்ஸ்'. 20 விநாடிக்கும் குறைந்த சிறு கட்டம் அது. ஆயினும் பல்லாயிரம் முயற்சிகள் அதில் மடிந்தன. அப்போதுதான், மார்ச் 22ஆம் நாள், அதனை வகுத்தவர் ஓர் உண்மையை வெளியிட்டார். அக்கட்டத்தைத் தம் கையால் வெல்லவில்லை. பொத்தான்களைத் துல்லியமாக இயக்கும் பொறியின் துணையால் வென்றதாகக் காட்டி அனுப்பினாராம்.

குழுவினர் அக்கட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கினர். மார்ச் 15ஆம் நாளிலேயே தம் பணி நேர்மையாக நிறைவுற்றது என்று அறிவித்தனர். முறையான முடிவுதான். எவரும் அதனோடு நின்றிருக்கலாம். ஆனால் ஓர் ஆட்டக்காரர் நிற்கவில்லை. முன்னே ஒருவர் சென்ற வழி என்னும் துணை போயிற்று, பரிசும் இல்லை, குழுவின் தேவையும் இல்லை. எஞ்சியிருந்தவை தாம் பழகிய விரல்களும் சில நாட்களுமே. 2024 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் அக்கட்டத்தைத் தம் கையால் வென்றார். மூன்று நாட்களில், ஏப்ரல் 8இல், இணையத் தொடர்பு மூடப்பட்டது.

வகுத்தவர் தந்த வாக்குப் பொய். ஆனால் வாக்கின் பொருள் மெய்யாயிற்று. அதனை மெய்யாக்கியவர் வேறொருவர். இதனைக் கொண்டு பொய்யை நன்மையென்று கொள்ளுதல் தகாது. பொறி செய்ததைக் கை செய்ததாக நம்பிப் பலர் தம் நாட்களைச் செலவிட்டனர். அதனினும் கொடிது ஒன்று உண்டு. இறுதிவரை வெல்ல இயலாதோர், குறை தம்மிடமே என்று எண்ணி ஒதுங்கியிருப்பர். வகுப்பின் பின்வரிசையில் அத்தகைய முகங்களை நாம் கண்டதில்லையா?

'உன்னால் முடியும்' என்று பிள்ளையிடம் சொல்வது நமக்கு எளிது. பெற்றோரும் ஆசிரியரும் அதனை நாள்தோறும் சொல்கிறோம். அச்சொல்லை நம்பி அப்பிள்ளை தன் இரவுகளைச் செலவிடும். ஆகவே அதனைச் சொல்லுமுன் அக்கணக்கை நாம் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். போட முடியாவிடில், 'நானும் இதனைச் செய்ததில்லை. சேர்ந்து முயல்வோம்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் முயல்கின்ற பிள்ளைகள் உண்டு என்பதற்கு, அந்த ஏப்ரல் 5ஆம் நாளே சான்று.