நீலகிரிக் கற்குவைகள்

நமது நுவரெலியாவைப் போலவே குளிரும் மூடுபனியும் தேயிலையும் சூழ்ந்த மலை நீலகிரி. ஆங்குக் குன்றுகளின் முகட்டிலே, கற்களை வட்டமாக அடுக்கி எழுப்பிய பழங்குவைகள் பல உள. சில, கிணற்றின் கைப்பிடிச் சுவர் போலத் தோன்றும். அவை யாவும் பண்டை மக்கள் தம்முள் இறந்தோர்க்கு எடுத்த ஈமச் சின்னங்கள்.

நீலகிரியின் முதல் ஆணையரான பிரீக்ஸ் என்னும் ஆங்கிலேயர் இவற்றுட் பலவற்றைத் தோண்டி ஆராய்ந்தார். 1872-இல் அவர் மறைய, அவர்தம் நூல் 1873-இல் வெளிவந்தது. சாம்பரும் எரிந்த எலும்பும், இரும்பு ஈட்டிமுனைகளும், வெண்கலக் கிண்ணங்களும், பொன்னணிகளும் உள்ளே கிடைத்தன. மட்கல மூடிகளின் மீது எருமையும் குதிரையும் உருவங்களாக நின்றன. அவற்றுட் பல இன்று சென்னை அரும்பொருட்காட்சிச் சாலையில் உள்ளன.

இவற்றை எழுப்பியோர் யாவர்? தோதவரின் முன்னோரே என்பர் ஒருசாரார்; அல்லர் என்பர் மறுசாரார். கல் நிலைத்தது, பெயர் ஒன்றேனும் நிலைக்கவில்லை.

நம் மாத்தளை மாவட்டத்திலும் இத்தகைய ஈமக்காடு ஒன்றுண்டு. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவில், கற்பலகைகளைப் பெட்டி போல் நிறுத்தி, தாழியில் சாம்பரையிட்டு, அருகே மணிகளும் மட்கலங்களும் வைத்தனர். அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 700 முதல் 400 வரை என்பர். மன்னாரிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் மாத்தளைக்கு நடந்த பாதையும் தம்புள்ளை வழியாகவே வந்தது. அவ்வழியிற் பசியாலும் கொள்ளைநோயாலும் வீழ்ந்தவர் எண்ணற்றோர். அவர்க்குக் கல் நாட்டியவர் யார்?

தோட்டத்தில் மாண்டோர் நிலையும் பெரிதும் அதுவே. உயிருள்ளவரை செக்ரோலில் பெயர் இருந்தது. பின்னர் அதுவும் இல்லை. புதைத்த மேட்டின்மேல் தேயிலை படர்ந்தது. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நம் உறவினர் பலர் பெற்றோரின் புதைகுழிகளை இங்கே விட்டு, கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் சென்று குடியேறினர். அங்கே கல் உண்டு, உரிமை கூறுவோர் யாரெனத் தெரியவில்லை. இங்கே உரிமையுடைய நாம் இருக்கிறோம், கல் இல்லை.

இளைஞர்களே! கல் நாட்டப் பொருள் வேண்டும். பெயர் எழுத ஒரு கொப்பி போதும். லயத்து முதியோரிடம் சென்று, இறந்தோர் பெயர், வந்த ஊர், புதைத்த இடம் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதுங்கள். பெரியோர்களே! நினைவு மங்குமுன் சொல்லிவையுங்கள்.