படுக்கையை விட்டு எழுப்பிய டாக்டர்

வீட்டில் பெரியவர்களிடம் நாம் அன்போடு சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்." காய் நறுக்க வேண்டாம், படி இறங்க வேண்டாம், பால் வாங்கக் கீழே போக வேண்டாம். காய்ச்சல் வந்துவிட்டால் கட்டிலை விட்டு அசையவே வேண்டாம். இந்த அன்புக்கு நேர் எதிரான ஒரு காரியத்தை, சுமார் 90 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஒரு பெண் மருத்துவர் செய்தார். இன்றைய முதியோர் மருத்துவம் பெரும்பாலும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறது. இந்த இதழின் வரலாற்றுப் பக்கம் அவருக்கு.

அவர் பெயர் மார்ஜரி வாரன். 1897இல் பிறந்தவர், 1923இல் மருத்துவப் படிப்பை முடித்தவர். அறுவை சிகிச்சையில்தான் அவருக்கு நாட்டம். 1926இல் லண்டனின் மேற்கே ஐசல்வர்த் என்ற இடத்து மருத்துவமனையில் சேர்ந்தார். பின்னாளில் அதற்கு வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை என்று பெயர். பக்கத்திலேயே பழைய ஏழைகள் விடுதி ஒன்று இருந்தது. இந்த விடுதிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1834இல் வந்த சட்டத்தின்படி, பிழைக்க வழியில்லாதவர்களை இங்கிலாந்தில் இப்படிப்பட்ட விடுதிகளில் சேர்த்தார்கள். யாரும் விரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே உள்ளே வாழ்க்கையைக் கடுமையாக வைத்தார்கள். காலப்போக்கில் வயதானவர்களும் தீராத நோயாளிகளும் போய்ச் சேரும் கடைசி இடமாக அவை ஆகிவிட்டன. 1929இல் வந்த இன்னொரு சட்டம் இவற்றை உள்ளாட்சியிடம் ஒப்படைத்தது. அந்த வரிசையில் 1935இல் பக்கத்து விடுதி வாரனின் மருத்துவமனையோடு இணைந்தது.

உள்ளே 714 பேர் இருந்தார்கள். பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்தவர், மனநிலை தடுமாறியவர், வெறும் முதுமை தவிர வேறொன்றும் இல்லாதவர் எல்லோரும் ஒன்றாகக் கிடந்தார்கள். பலருக்கு என்ன நோய் என்றே யாரும் கண்டுபிடிக்கவில்லை. கட்டிலுக்கு இரு பக்கமும் தடுப்புக் கம்பி. விழாமல் இருக்கத்தான் கம்பி, ஆனால் எழுந்திருக்கவும் முடியாது. மாதக்கணக்கில் படுத்தே கிடந்ததில் மூட்டுகள் மடங்கி இறுகின, முதுகில் புண் வந்தது, சிறுநீர் கட்டுப்படாமல் போனது. பார்ப்பவர்கள் அதையெல்லாம் வயதின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

வாரன் முதலில் செய்தது ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தது. ஏற்கெனவே மருத்துவமனையில் இருக்கும் ஆளுக்குப் பரிசோதனை என்பது அதிசயமாகத் தோன்றக் கூடாது, ஆனால் அன்று அது அதிசயம்தான். நோய்க்கு ஏற்ப ஆட்களைப் பிரித்தார். பிறகு வார்டில் கை வைத்தார். இருண்ட சுவர்களுக்கு வெளிர் நிறம் அடித்தார்கள். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள். நடந்து பழகக் கைப்பிடிகள் வந்தன, எழுந்திருக்க வசதியான நாற்காலிகள் வந்தன, காலுக்குப் பொருந்தும் காலணியும் கவனத்துக்கு வந்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் வந்தார். நோயாளி தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும், தன் சாப்பாட்டைத் தானே சாப்பிட வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. ஊட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை அது. பொறுமையாகப் பக்கத்தில் நிற்பதுதான் சிரமம், வீட்டில் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதில் ஒரு புது மருந்தும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலம் அது. ஆனாலும் பல வருடம் படுத்துக் கிடந்தவர்களில் பலர் நடந்தார்கள், சிலர் வீடு திரும்பினார்கள். நாள்பட்ட நோயாளிகளுக்கு என்று தேவைப்பட்ட படுக்கைகள் சுமார் 240 ஆகக் குறைந்தன. 1943இலும் 1946இலும் அவர் எழுதிய கட்டுரைகள் பிரிட்டனின் முக்கிய மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. பொது மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனிப் பிரிவு வேண்டும், மருத்துவ மாணவர்களுக்கு அதைப் பாடமாகவே சொல்லித்தர வேண்டும் என்று அதில் வாதாடினார். 1947இல் அவரும் வேறு சில மருத்துவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய பிரிட்டிஷ் முதியோர் மருத்துவச் சங்கம். 1960இல் ஜெர்மனிக்கு ஒரு மாநாட்டுக்குப் போகும் வழியில் சாலை விபத்தில் சிக்கி வாரன் இறந்தார்.

இத்துறைக்கு ஜெரியாட்ரிக்ஸ் என்ற பெயரைக் கொடுத்தவர் வேறொருவர். நியூயார்க்கில் இருந்த இக்னாட்ஸ் நாஷர் 1909இலேயே அந்தச் சொல்லை உருவாக்கிவிட்டார். பெயர் இருந்தது, வார்டு இல்லை.

படுக்கை உண்மையிலேயே அவ்வளவு கெடுதலா என்று கேட்கலாம். 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நல்ல ஆரோக்கியத்தில் இருந்த 12 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். நோய் எதுவும் இல்லை, படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. ஃப்ளூ வந்து பத்து நாள் படுத்து எழுந்த பாட்டி குளியலறை வாசலில் ஏன் தடுமாறுகிறார் என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

இந்த வரலாற்றில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் வி.எஸ்.நடராஜன், 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில், அதாவது சென்ட்ரல் எதிரில் இருக்கும் 'ஜி.எச்.'சில், முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். பிறகு தனி வார்டும் வந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு ஆரம்பமானது. நாட்டுக்கே அதுதான் முன்னோடி. நடராஜனுக்கு 2012இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டிருக்கிறது. பெற்றோரோடு இருக்கும் குடும்பங்கள் ஒரு முறை போய் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி நம் வளாகத்துப் படிக்கட்டுக்கு வருவோம். எல்லா பிளாக்கிலும் ஒரு பக்கம்தான் கைப்பிடி. மறுபக்கம் சுவர். பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்தவருக்கு இதன் அர்த்தம் வேறு. இடது கையால் பிடித்துக்கொண்டு அவர் மேலே ஏறிவிடுவார். இறங்கும்போது அதே கைப்பிடி வலது பக்கம் போய்விடும், பிடிக்க அந்தக் கை வராது. ஆகவே அவர் ஏறியதோடு சரி. லிஃப்ட்தான் இருக்கிறதே என்று சென்ற செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். லிஃப்ட் பழுதாகும் நாளிலும் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். முதல் மாடியில் இருக்கும் மூன்று பெரியவர்கள் தினமும் படியில் ஏறி இறங்குவதைத்தான் தங்கள் உடற்பயிற்சியாக வைத்திருக்கிறார்கள், அதை அவர்களே செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுபக்கச் சுவரில் கைப்பிடி வைத்தால் மெத்தை, பீரோ ஏற்றும்போது இடிக்கும் என்பது இன்னொரு ஆட்சேபம். அது நியாயமான கேள்வி, வளைவுகளில் அளவெடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டீல் கம்பிக்கும் மரத்துக்கும் வந்த விலைப்புள்ளிகள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. அடுத்த பொதுக்குழுவில் இது தீர்மானமாக வருகிறது. கூட்டம் தரைத்தள ஹாலில்தான் நடக்கும். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள், படியைப் பற்றி அவர்களே பேசட்டும்.